காலாப்பட்டில் முதல் வாரம்

புதுவைப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டதா? 1985-இல் தொடங்கிய இந்த மத்தியப் பல்கலைக்கழகத்தின் காலாப்பட்டு வளாகம், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி ஏறக்குறைய 800 ஏக்கர். வகுப்புக்கு முந்தைய மாலையே விடுதியிலிருந்து துறை வரை நடந்து, எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பழைய சைக்கிள் ஒன்று வாங்கினால் பெரிய உதவி. உப்புக்காற்றில் சங்கிலி சீக்கிரமே துருப்பிடிக்கும். வாரம் ஒருமுறை நாலு சொட்டு எண்ணெய் விட்டு, பெடலைப் பின்னோக்கிச் சுற்றிவிடுங்கள்.

சான்றிதழ் நகல்கள், பாஸ்போர்ட் அளவு படங்கள் எப்போதும் பையில் இருக்கட்டும்.

நூலகத்துக்கு ஆனந்தரங்கப் பிள்ளையின் பெயர். பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயிடம் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்தபடி, 18-ஆம் நூற்றாண்டுப் புதுச்சேரியை நாட்குறிப்பில் பதிந்து வைத்தவர் அவர். முதல் வாரத்திலேயே உறுப்பினர் ஆகிவிடுங்கள்.

மெஸ்ஸில் வேறு மாநிலத்துப் பிள்ளைகள் பக்கத்தில் போய் உட்காருங்கள். வீட்டு நினைப்பு அவர்களுக்கும் இருக்கும்.

கடல் பக்கத்தில்தான். கரையில் நின்று ரசியுங்கள். குளிக்க மட்டும் இறங்காதீர்கள். வங்கக்கடலின் இழுப்பு நீச்சல் தெரிந்தவரையும் விடாது.

யாராவது ராகிங் செய்தால் பொறுத்துப் போக வேண்டாம். 1800-180-5522, இந்தியா முழுவதற்குமான இலவச உதவி எண். இன்றே கைபேசியில் பதிந்துகொள்ளுங்கள்.