பள்ளி ஆய்வுக்கூடத்தில் மின்சாரப் பாதுகாப்பு

உயர்நிலைப் பள்ளியின் விஞ்ஞான ஆய்வுக்கூடம், நம் குழந்தைகள் மின்சாரத்தின் இயல்பை ஏட்டில் படிப்பதோடு நில்லாமல் தம் கையாலேயே சோதித்து அறியும் இடம் ஆகும். ஆனால் அங்கே தண்ணீர்க் குழாயும் மின் இணைப்பும் அருகருகே இருக்கின்றன. கைகளும் அடிக்கடி நனைகின்றன. ஆகவே வீட்டைக் காட்டிலும் அங்கே கவனம் மிகுதியாக வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுவில் உள்ளாட்சி உறுப்பினர்களுக்கும் இடம் உண்டு. ஆதலால் இது ஆசிரியரின் பொறுப்பு மட்டும் அன்று. நம் பொறுப்பும் ஆகும். இங்குக் கூறுவன கிணற்றடியில் பம்பு செட் வைத்திருக்கும் விவசாயிகளுக்கும் பயன்படும்.

பியூஸ் எதைக் காக்கிறது?

"பியூஸ் இருக்கும்போது அச்சம் எதற்கு?" என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். இவ்வெண்ணம் தவறானது. மாணவர்கள் கற்கும் ஓம் விதியைக் கொண்டே இதைக் கணக்கிடலாம். வீட்டு மின்சாரத்தின் அழுத்தம் 230 வோல்ட். ஈரக் கையோடு தொடும்போது உடலின் தடை சுமார் 1,000 ஓம் அளவுக்குக் குறைந்துவிடலாம். 230-ஐ 1,000-ஆல் வகுத்தால் 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லி ஆம்பியர் உடலில் பாயும். 5 ஆம்பியர் பியூஸ் இச்சிறு ஓட்டத்தால் உருகாது.

ஆனால் மனித உடல் இதைத் தாங்காது. அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த சார்லஸ் டால்சியேல், தாமாக முன்வந்தவர்களைக் கொண்டு இதனை ஆராய்ந்தார். சுமார் 1 மில்லி ஆம்பியர் பாய்ந்தாலே கையில் உணர்வு தெரிகிறது. சராசரியாக ஆண்களுக்கு 16, பெண்களுக்கு 10.5 மில்லி ஆம்பியரைத் தாண்டினால், தசைகள் இறுகி, பிடித்த கம்பியை விட முடியாமற் போகிறது. 100 மில்லி ஆம்பியர் சில நொடிகள் நீடித்தால் இதயத் துடிப்பு சிதறி உயிர் போகலாம். எனவே பியூஸ், கம்பிகளையும் கட்டடத்தையும் தீயிலிருந்து காப்பதேயன்றி, ஆளைக் காப்பது அன்று.

எர்த் கம்பி

ஆளைக் காக்கும் முதல் காவல் எர்த் கம்பி. மூன்று முனைப் பிளக்கில் பருத்தும் நீண்டும் இருப்பது இதன் முனை. கருவியின் உலோக உறையில் மின்சாரம் தவறிப் பட்டால், அதனை இக்கம்பி நிலத்துக்குக் கொண்டு செல்லும். மிகுந்த ஓட்டத்தால் பியூஸும் உருகும்.

ஆனால் நிலத்தில் புதைத்த குழாயைச் சுற்றி மண் வறண்டிருந்தால் பயன் குறையும். அங்குத் தடை 50 ஓம் என்று கொள்வோம். 230-ஐ 50-ஆல் வகுத்தால் 4.6 ஆம்பியரே ஓடும். 5 ஆம்பியர் பியூஸ் உருகாது. உறையில் மின்சாரம் நின்றுகொண்டே இருக்கும். கோடையில் எர்த் குழியில் தண்ணீர் ஊற்றி வருவதன் காரணம் இதுவே.

மின் கசிவுத் தடுப்பான்

மடையில் திறந்த நீர் முழுவதும் கடைமடைக்கு வந்து சேரவில்லையெனில், நடுவே கரை உடைந்திருக்கிறது என்று அறிகிறோம். மின் கசிவுத் தடுப்பானும் அவ்வாறே, சென்ற மின்சாரத்தையும் திரும்பி வந்த மின்சாரத்தையும் ஒப்பிடுகிறது. 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலே கண் இமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டிக்கிறது. கடையில் ஆர்.சி.சி.பி. என்று கேட்டு, 30 மில்லி ஆம்பியர் என்று குறித்திருப்பதைப் பார்த்து வாங்க வேண்டும். அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்த்தல் நலம். எனினும், ஒருவர் இரு கம்பிகளையும் ஒருங்கே தொட்டு, மின்சாரம் நிலத்துக்குக் கசியாதிருந்தால், இதுவும் காக்காது. ஆகவே ஒழுங்கு முறைகளைக் கைவிடலாகாது.

கைக்கொள்ள வேண்டியவை

1. மயில்துத்தக் கரைசலில் மின்சாரம் செலுத்துவது போன்ற சோதனைகளுக்கு உலர் மின்கலங்களே போதும். நான்கு மின்கலங்களை வரிசையாக இணைத்தால் 6 வோல்ட் கிடைக்கும். சுவர் மின்சாரத்தை நேரே கரைசலில் செலுத்தலாகாது.

2. ஈரக் கையால் சுவிட்சைத் தொடலாகாது. பிளக்கைப் பிடித்தே கழற்ற வேண்டும். கம்பியைப் பற்றி இழுத்தல் கூடாது.

3. பிளக் இன்றி, வெறுங் கம்பி முனைகளைத் துளைகளில் செருகும் பழக்கம் அறவே ஒழிய வேண்டும்.

4. உருகிய பியூஸுக்குப் பதிலாகப் பருத்த செம்புக் கம்பியைக் கட்டலாகாது.

5. அனைத்தையும் ஒரே கணத்தில் நிறுத்தும் முதன்மைச் சுவிட்ச், ஆசிரியரின் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

விபத்து நேர்ந்தால்

மின்சாரம் தாக்கியவரைக் கையால் தொட்டு இழுத்தல் கூடாது. காக்கச் சென்றவரும் சிக்கிக்கொள்வார். முதலில் சுவிட்சை நிறுத்த வேண்டும். இயலாவிடில், உலர்ந்த பலகைமேல் நின்று, உலர்ந்த மரக் கழியால் கம்பியை விலக்க வேண்டும். கம்பத்திலிருந்து அறுந்து விழுந்த கம்பியை எக்கழியாலும் அணுகலாகாது. மின் வாரியத்துக்கு அறிவித்து இணைப்பை நிறுத்தச் செய்ய வேண்டும். மூச்சு நின்றிருப்பின், 108 ஊர்தியை அழைத்துவிட்டு, நடு மார்பில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை வரை அழுத்த வேண்டும். மின்சாரத்தால் பிடித்த தீயில் தண்ணீர் ஊற்றலாகாது. உலர்ந்த மணலே ஏற்றது.

நாம் செய்ய வேண்டுவது

அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் மூன்று கேள்விகளைக் கேட்போம். ஆய்வுக்கூடத்தில் மின் கசிவுத் தடுப்பான் உண்டா? எர்த் இணைப்பை உரிமம் பெற்ற மின் பணியாளர் கடைசியாகச் சோதித்தது எப்போது? முதன்மைச் சுவிட்ச் எங்கே உள்ளது என்பதை மாணவர் அனைவரும் அறிவரா? வீடு திரும்பியதும், நம் பம்பு செட் அறையிலும் இவற்றையே கேட்டுப் பார்ப்போம். இவற்றுக்கு ஆகும் செலவு சிறிது. அதனால் காக்கப்படுவது நம் மக்களின் உயிர்.