மதுரையைக் காட்டப் போகும் மருமகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

மாமா எழுதுவது. தை மாதம் கியோட்டோவிலிருந்து ஆறு பேர் வருகிறார்கள், இரண்டு நாள் மதுரையைச் சுற்றிக் காட்டும் பொறுப்பு உனக்கு என்று உங்கம்மா போனில் சொன்னாள். ஜப்பானிய மொழி படிக்க நாலு வருஷமாக நீ பட்ட பாட்டுக்கு நல்ல தொடக்கம். "எதையெல்லாம் காட்டலாம், எங்கே சாப்பிட வைக்கலாம், மாமாவைப் பட்டியல் போட்டுத் தரச் சொல்லு" என்றாயாம். பட்டியல் எந்த லாட்ஜ் வாசலிலும் கிடைக்கும். இருபத்தைந்து வருஷம் இந்த வீதிகளில் விருந்தாளிகளோடு நடந்தவன் நான். எனக்குச் சொல்ல இருப்பது ஒன்றுதான்: ஊரையும் சோற்றையும் பிரிக்காதே. காலையில் கோயில், மதியம் சாப்பாடு என்று தனித்தனி வேலையாக வைத்துக்கொண்டால் இரண்டுமே அவர்களுக்குப் பிடிபடாது.

மாங்குடி மருதனாரை நீ பள்ளியில் மதிப்பெண்ணுக்காகப் படித்திருப்பாய். அவர் பாடிய மதுரைக்காஞ்சியின் 782 அடிகளையும் இப்போது ஒருமுறை நிதானமாகப் படி. பகல் அங்காடி, மாலைக் கடைவீதி, நடுச்சாமம், விடியல் என்று நேரம் நேரமாக ஊரைக் காட்டிக்கொண்டு போகிறார். தேனடை போன்ற மெல்லிய அடையும் பூரணம் வைத்த மோதகமும் விற்கிறவர்கள் இரவு முற்றியதும் தூங்கி வழிவதைக்கூட விடவில்லை. அரசனுக்குச் சொன்ன பாட்டில் பணியாரக்காரனுக்கும் இடம் இருந்தது. நமக்கு மருதனார்தான் ஆசான்.

முதல் நாள் விடிகாலை ஐந்தரைக்கு அவர்களை விளக்குத்தூண் பக்கம் இறக்கிவிடு. கியோட்டோ 794இல் கட்டம் கட்டமாகத் திட்டமிட்டுக் கட்டிய தலைநகரம். அதனால் வீதிகளின் அமைப்பைத்தான் அவர்கள் முதலில் கேட்பார்கள். நம் ஊர் சதுரத்துக்குள் சதுரம். மீனாட்சி கோயில் மதிலுக்குள் ஆடி வீதி, வெளியே சித்திரை வீதி, அடுத்து ஆவணி மூல வீதி, அதற்கு அப்பால் மாசி வீதி, கடைசியில் வெளி வீதி. மாதப் பெயர் ஏன் என்று கேட்டால், அந்தந்தத் திருவிழாவில் சாமி சுற்றிவந்த வீதி என்று சொல். சித்திரைத் தேர் மட்டும் மாசி வீதியில் ஓடுகிறதே என்று விவரமானவர் யாராவது மடக்கக்கூடும். மாசியில் நடந்த விழாவைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றினார், தேரோ பழைய வீதியை விடவில்லை என்று சொல்லிவருகிறார்கள்.

விளக்குத்தூண் கதையை அவசரப்படாமல் சொல். நாயக்கர் காலக் கோட்டைச் சுவர் ஊரை நெருக்கிக்கொண்டிருந்தது. 1834 முதல் 1847 வரை கலெக்டராக இருந்த பிளாக்பர்ன் அதை இடிக்க முடிவு செய்தபோது, சுவரை இடித்து அகழியைத் தூர்க்கிறவர்களுக்கு அந்த நிலத்திலேயே மனை கொடுத்தார். நில அளவை செய்த மாரட், வேலையை நடத்திய பெருமாள் மேஸ்திரி, இரண்டு பேர் பெயரிலும் இன்றும் வீதி இருக்கிறது. ஒரு மேஸ்திரி பெயரில் வீதி இருக்கிற பழைய ஊர் இது என்று சொல்லிப் பார், அவர்கள் முகம் மலரும். பிளாக்பர்ன் நினைவுக்கு வைத்ததுதான் அந்தத் தூண்.

அங்கிருந்து திருமலை நாயக்கர் மகால் பக்கம் நட. 1636இல் கட்டிய அரண்மனையில் இன்று நிற்பது ஏறக்குறைய நாலில் ஒரு பங்குதான். மீதி எவ்வளவு தூரம் பரவியிருந்தது என்று காட்டப் பத்துத்தூண் சந்து ஒன்றே போதும். வீட்டுக்கும் கடைக்கும் நடுவே பத்துத் தூண்கள் அப்படியே நிற்கின்றன. இந்தத் தெருக்களில் காதைத் தீட்டிக்கொள்ளச் சொல். சௌராஷ்டிர மொழி கேட்கும். நாயக்கர் காலத்தில் பட்டு நெய்ய வந்து குடியேறியவர்கள். முள்ளுமுருங்கை இலையை அரைத்துப் பச்சைப் பசேல் என்று சுடும் பூரி அவர்கள் வீட்டுப் பண்டம். கையில் பூரியோடு சுங்குடிச் சேலையைப் பிரித்துக் காட்டு. துணியை நூலால் முடிந்து முடிந்து சாயத்தில் தோய்ப்பதால் விழும் புள்ளிகள் அவை. கியோட்டோவில் இதே போல முடிச்சுப் போட்டுச் சாயமேற்றும் கனோகோ ஷிபோரி உண்டு. நீ ஒப்பிட்டுச் சொல்லாதே. அவர்களே கண்டுபிடிக்கட்டும்.

ஜிகர்தண்டாவுக்கு மட்டும் நீ வாய் திறக்கலாம். சுண்டக் காய்ச்சிய பால், நன்னாரி சர்பத், ஐஸ்கிரீம், அடியில் கடல்பாசி. இப்போது பல கடைகளில் பாதாம் பிசின் போடுகிறார்கள். கடல்பாசி போடுகிற கடையாகப் பார்த்துக் கூட்டிப் போ. அந்தப் பாசியை ஜப்பானில் 'கான்தென்' என்பார்கள். 17ஆம் நூற்றாண்டில் கியோட்டோவின் ஃபுஷிமியில் ஒரு விடுதிக்காரர் மிச்சமான பாசிக் கூழைக் குளிரில் வெளியே போட, அது உறைந்து உலர்ந்து கான்தென் ஆனது என்பது அவர்கள் ஊர்க் கதை. நம் பக்கம் மண்டபம், ராமேசுவரம் கரைப் பெண்கள் கடலில் முங்கிப் பாசி எடுக்கிறார்கள். ஒரு டம்ளருக்குள் இரண்டு கடல் இருக்கிறது, பாப்பா. இதைச் சொல்லாமல் வாங்கிக் கொடுத்தால் அது வெறும் குளிர்பானம்.

பருத்திப்பாலையும் விட்டுவிடாதே. பஞ்சை ஆலை எடுத்துக்கொள்ள, கொட்டையை ஊறவைத்து ஆட்டிப் பாலெடுத்து, கருப்பட்டியும் சுக்கும் போட்டுக் காய்ச்சியது இந்தக் கரிசல் நாட்டின் கைவேலை. ராத்திரிக்குச் சிம்மக்கல் பக்கம் கறிதோசை. சால்னாவைத் தனிக் கிண்ணத்தில் கேள், காரம் அவர்கள் கையில் இருக்கட்டும்.

கோயிலுக்குப் போகுமுன் சொல்ல வேண்டியதை வெளியிலேயே சொல்லிவிடு: செல்போன் கூடாது, மதியம் நடை சாத்தியிருக்கும், கருவறைப் பக்கம் இந்துக்கள் அல்லாதவரை விடமாட்டார்கள். உள்ளே போன பிறகு தடுக்கப்பட்டால் மனசு நோகும். செருப்பைக் கழற்ற அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, ஆனால் வெயிலில் கல் சுடும். காலுறை வைத்துக்கொள்ளச் சொல். இரவில் சுந்தரேசுவரர் பல்லக்கில் அம்மன் பள்ளியறைக்குப் போவதைப் பிரகாரத்தில் நின்று பார்க்க வை.

ஆயிரங்கால் மண்டபத்தில் இருப்பது 985 தூண். தொடங்கிய காலத்தில் நான் ஆயிரம் என்றே சொல்லிவந்தேன். படித்துவிட்டு வந்திருந்த ஒரு பெரியவர், எல்லார் முன்னாலும் கேட்காமல், தனியாக அழைத்துக் கேட்டார். அன்றிலிருந்து தெரியாததைச் சொல்வதில்லை. அதே மண்டபத்தைக் காட்டும் வாயால் 1939 ஜூலை 8ஐயும் சொல். அன்றுதான் வைத்தியநாத ஐயர், ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த கக்கன் உள்ளிட்டவர்களோடு அந்தக் கோயிலுக்குள் போனார். அதுவரை யாருக்கெல்லாம் வாசல் அடைத்திருந்தது என்பதை மறைத்தால், கோபுரத்தின் உயரம் சொல்லிப் பயனில்லை.

இரண்டாம் நாள் ஊருக்கு வெளியே. கீழடிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான், 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகம் இருக்கிறது, அங்கே பொருள்களே பேசும். அதைவிட நேரம் கீழக்குயில்குடிக்குக் கொடு. சமணர் மலையில் காதுமடல் நீண்ட தீர்த்தங்கரரைப் பார்த்துச் செட்டியார் என்று நினைத்த ஊரார் குகைக்குச் செட்டிப்புடவு என்று பேர் வைத்தார்கள். உன் விருந்தாளிகள் புத்தர் என்பார்கள். இரண்டு தவறுக்கும் காரணம் அன்புதான், பொறுமையாக விளக்கு. இந்த மலைகளை எப்படிக் காட்ட வேண்டும் என்று கற்றுக்கொள்ள, எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் தொடங்கிய பசுமை நடையோடு ஒரு காலையாவது போய் வா. யானைமலைக்கு ஆபத்து வந்த காலத்தில், மக்களை மலையடிக்கு அழைத்துப் போனதால் வளர்ந்த இயக்கம் அது.

இனிச் சொல்வது கண்டிப்பு. கடைக்கு ஆள் கூட்டிவந்தால் கமிஷன் தருகிறோம் என்று முதல் நாளே யாராவது கேட்பார்கள். வாங்காதே. விருந்தாளி கொடுக்கும் சம்பளம் ஒன்றே உன் வருமானம். கமிஷன் வாங்கிய வழிகாட்டி நல்ல கடை எது என்று சொல்லும் உரிமையை இழந்துவிடுகிறார். நான் ஒருமுறை வாங்கினேன், மூன்று மடங்கு விலைக்குப் பட்டு வாங்கிய அந்த அம்மா நன்றி சொல்லிப் போனதை இன்றும் மறக்க முடியவில்லை.

சந்துகளில் நடக்கும்போது வீட்டு வாசலில் கோலம் போடுகிறவர்களைக் கேட்காமல் படம் எடுக்க விடாதே. உன் விருந்தாளிகளுக்கு இது புரியும். கியோட்டோவின் கியோன் பகுதியிலேயே 2024இல் தனியார் சந்துகளைச் சுற்றுலாப் பயணிகளுக்கு மூடிவிட்டார்கள், மீறினால் பத்தாயிரம் யென் அபராதம்.

தை மாதம் பனியில் மொட்டுக் குறைந்து மல்லி விலை ஏறியிருக்கும். ஆனாலும் ஆளுக்கு ஒரு முழம் வாங்கிக் கொடு. தெப்பத் திருவிழா நாள் கூடிவந்தால் வண்டியூருக்குக் கூட்டிப் போகலாம்.

அவர்கள் வருமுன் ஒருமுறை நாம் நடந்துவிடுவோம். வரும் வெள்ளிக்கிழமை விடிகாலை ஐந்தரைக்கு விளக்குத்தூணில் நிற்பேன். சாப்பிடாமல் வா.

அன்புடன்,
மாமா