நூற்றுக்கு நூறு என்பதன் பொருள் யாது?

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியானதும் பள்ளி வாசல்களில் பலகைகள் எழுகின்றன. "நூறு விழுக்காடு தேர்ச்சி" என்று கொட்டை எழுத்தில் காணும்போது நம் உள்ளம் மகிழ்கிறது. மகிழ வேண்டியதுதான், ஆசிரியரும் மாணவியரும் ஆண்டு முழுதும் பாடுபட்டதன் பலன் அது. ஆயினும் கணக்குத் தேர்வில் விடையை மட்டும் எழுதினால் முழு மதிப்பெண் கிடைப்பதில்லை. வழிமுறையையும் காட்ட வேண்டும். அதுபோல, இந்த நூறு எவ்வழியில் வந்தது என்று அறிவதும் நம் கடமை. நாகலூரையும் அதைச் சூழ்ந்த சேர்வராயன் மலை ஊர்களையும் மனத்திற் கொண்டு இதனைச் சிறிது ஆராய்வோம்.

மலையும் மக்களும்

ஏற்காடு வட்டத்தைச் சேர்ந்த நாகலூர், காப்பித் தோட்டங்கள் சூழ்ந்த ஊர். சேலம் மாவட்டக் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்பவர் 1820-களில் இம்மலைக்குக் காப்பிச் செடியைக் கொண்டுவந்தார். அதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே இங்கு வாழ்பவர்கள் மலையாளி என்னும் பழங்குடியினர். பெயரைக் கண்டு கேரள மக்கள் என எண்ணிவிடக் கூடாது. மலையில் வாழ்வோர் என்பதே இங்குப் பொருள். இவர்களின் மொழி தமிழே. தமிழ்நாட்டின் 234 சட்டமன்றத் தொகுதிகளுள் பழங்குடியினருக்கென ஒதுக்கப்பட்டவை ஏற்காடு, சேந்தமங்கலம் ஆகிய இரண்டே.

ஏற்காடு உறைவிடப் பள்ளிகளுக்கும் பேர் பெற்றது. மான்ட்ஃபோர்ட் பள்ளி 1917-இல் தொடங்கப்பட்டது. இத்தகைய பள்ளிகளுக்கு வெளியூர்களிலிருந்து பிள்ளைகள் வந்து தங்கிப் படிக்கின்றனர். மலைக்கிராமப் பிள்ளைகளுள் பலருக்கோ அரசுப் பள்ளிகளும், அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளுமே கல்விக்கு வழி. ஆகவே ஒரே மலையில் உள்ள இரு பள்ளிகளின் தேர்ச்சியை ஒப்பிடும்போது, அங்குப் படிப்போர் யார் என்பதை முதலில் கேட்க வேண்டும்.

சராசரி மறைப்பது

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் எழுத்தறிவு பெற்றோர் நூற்றுக்கு 80 பேர். இது பெருமைக்குரிய எண். ஆனால் அதே கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பழங்குடியினரிடையே எழுத்தறிவு பெற்றோர் நூற்றுக்கு 54 பேர்தாம். பழங்குடிப் பெண்களை மட்டும் எடுத்துக் கொண்டால் நூற்றுக்கு 47 பேர் கூட இல்லை.

இவ்வளவு பெரிய இடைவெளி பொதுச் சராசரியில் ஏன் தெரிவதில்லை? மாநில மக்கள்தொகையில் பழங்குடியினர் நூற்றுக்கு ஒருவர் என்ற அளவிலேயே உள்ளனர். அவர்கள் அனைவரும் நாளையே எழுத்தறிவு பெற்றுவிட்டாலும் மாநிலச் சராசரி ஏறத்தாழ அரை விழுக்காடுதான் உயரும். பெரிய கூட்டத்தின் கணக்கில் சிறிய கூட்டத்தின் துன்பம் மறைந்துவிடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

ஒரு சிறு கணக்கு

இப்போது கரும்பலகையில் ஒரு கணக்குப் போடுவோம். இது விளக்கத்திற்காக நாமே அமைத்துக் கொண்டது. முதற் பள்ளியில் ஆறாம் வகுப்பில் 40 பெண்கள் சேர்ந்தனர். அவர்களுள் 38 பேர் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதி, 36 பேர் தேர்ச்சி பெற்றனர். தேர்ச்சி ஏறத்தாழ 95 விழுக்காடு. இரண்டாம் பள்ளியிலும் 40 பெண்கள் சேர்ந்தனர். ஆனால் தேர்வு எழுதியவர் 20 பேர். இருபதின்மரும் தேர்ச்சி பெற்றனர். தேர்ச்சி 100 விழுக்காடு!

பலகையில் வென்றது இரண்டாம் பள்ளி. ஆனால் சேர்ந்தவர்களை வைத்துப் பார்த்தால் முதற் பள்ளி நூற்றுக்குத் தொண்ணூறு பேரைக் கரையேற்றியது. இரண்டாம் பள்ளி ஐம்பது பேரைத்தான். எஞ்சிய இருபது பெண்கள் எங்கே? சிலர் வேறு பள்ளிக்கு மாறியிருக்கலாம். அவர்களை விசாரித்து அறிந்து கழித்துவிட வேண்டும். மற்றவர்கள் தோற்றவர்கள் அல்லர். தேர்வு மண்டபத்திற்கு வராதவர்கள். எந்தப் பட்டியலிலும் அவர்கள் பெயர் இல்லை.

வராதது ஏன்?

நவம்பர் முதல் பிப்ரவரி வரை மலையில் காப்பிப் பழம் பறிக்கும் காலம். அரையாண்டுத் தேர்வும் அப்போதுதான் வருகிறது. தாய் விடியற்காலையில் தோட்டத்திற்குப் போய்விட்டால் கைக்குழந்தையைப் பார்க்கவும் உலை வைக்கவும் மூத்த பெண்தான் நிற்க வேண்டியிருக்கிறது. ஒரு வாரம் விட்ட பாடம் ஒரு மாதமாகிறது. பின்னர் வகுப்புக்குத் திரும்பவே கூச்சமாகிறது. வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்த பிள்ளைக்குப் பாடம் சொல்லித்தர வீட்டில் ஆள் இல்லை. உயர் வகுப்புகள் தொலைவில் இருந்தால் பருவமடைந்த பெண்ணைத் தனியே அனுப்பப் பெற்றோர் அஞ்சுகின்றனர்.

1966-இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் கோல்மன் என்னும் அறிஞரின் குழு, சுமார் 4,000 பள்ளிகளில் ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட மாணவரை ஆராய்ந்தது. கட்டடத்தையும் கருவிகளையும் விடக் குடும்பச் சூழ்நிலையே மதிப்பெண்ணோடு நெருங்கிய தொடர்புடையது என்று அவ்வறிக்கை கூறியது.

இதைக் கேட்டு, "மலைப் பிள்ளைக்குப் படிப்பு ஏறாது" என்று சொல்லிவிடலாமா? கூடவே கூடாது. சூழ்நிலை மாறினால் எண்ணும் மாறும். 1951-இல் நம் நாட்டுப் பெண்களில் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு 9 பேர்கூட இல்லை. 2024-ஆம் ஆண்டு தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புத் தேர்விலோ பெண்கள் 94.53 விழுக்காடும், ஆண்கள் 88.58 விழுக்காடும் தேர்ச்சி பெற்றனர். தமிழ்நாட்டுப் பழங்குடியினரின் எழுத்தறிவும் 2001-இல் 41.5 ஆக இருந்து பத்தாண்டுகளில் 54 ஆக உயர்ந்தது. மலையாளி இனத்தைச் சேர்ந்த ஸ்ரீபதி என்னும் இளம்பெண், பிள்ளை பெற்ற ஓரிரு நாளில் தேர்வு எழுதி, 2024-இல் உரிமையியல் நீதிபதி பதவிக்குத் தேர்வானதை நாடே பாராட்டியது.

நாம் செய்யத்தக்கவை

1982-இல் விரிவாக்கப்பட்ட சத்துணவும், 2022-இல் தொடங்கிய காலை உணவும் பசியைத் தணித்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்தன. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்து மேற்படிப்புக்குச் செல்லும் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டமும் 2022-இல் வந்தது. இடையில் நின்றுவிட்ட பெண்ணுக்கு இந்த உதவி எட்டாது என்பதைப் பெற்றோர் நினைவிற் கொள்ள வேண்டும். பழங்குடியினர் சான்றிதழை வருவாய்க் கோட்டாட்சியர் வழங்க வேண்டியிருப்பதால், கல்லூரிச் சேர்க்கை வரை காத்திராமல் முன்னரே விண்ணப்பிப்பது நலம்.

மாணவியரே, பழம் பறிக்கும் காலத்தில் உங்கள் பக்கத்து இருக்கை மூன்று நாள் காலியாக இருந்தால் ஆசிரியையிடம் சொல்லுங்கள். விட்ட பாடத்தை எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள். இனித் தேர்ச்சிப் பலகையைக் காணும்போதெல்லாம், "எத்தனை பேர் சேர்ந்தார்கள்? எத்தனை பேர் எழுதினார்கள்? மற்றவர்கள் எங்கே?" என்ற மூன்று கேள்விகளையும் கேளுங்கள். சேர்ந்த அத்தனை பேரும் எழுதித் தேறும் ஆண்டில், நூற்றுக்கு நூறு என்று நாம் நெஞ்சு நிமிர்ந்து எழுதலாம்.