முள் ஏன் ஏறவில்லை?

பெங்களூரில் ஒருவர் பழைய அம்பாசடர் கார் வைத்திருக்கிறார். கல்யாணச் சவாரிக்கு ஓட்டுகிறார். ஒரு நாள் சாவியைத் திருப்பினார். டீசல் முள் ஏறவில்லை. வண்டி ஓடியும் சூடு காட்டும் முள் அசையவில்லை.

“மீட்டர் போர்டையே மாற்றணும்” என்றார் ஸ்டாண்டில் ஒருவர். அம்பாசடர் தயாரிப்பு 2014-இல் நின்றுவிட்டது. புது போர்டு எளிதில் கிடைக்குமா? மறுநாள் சவாரி. வழியில் எஞ்சின் கொதித்தால் எப்படித் தெரியும்?

மெக்கானிக்கிடம் போனார்.

“அண்ணே, இரண்டு முள்ளும் ஒரே நாளில் நின்றதா?”

“ஆமாம் தம்பி.”

“இரண்டு மீட்டரும் ஒன்றாகக் கெடாது. இரண்டுக்கும் சேர்த்து மின்சாரம் வரும் வழியைப் பார்ப்போம்.”

அவரிடம் வயர் பொருத்திய சின்ன பல்பு இருந்தது. பியூஸில் வைத்தார். எரிந்தது. போர்டின் பின்னால், மீட்டர்களுக்கு அளவாக மின்சாரம் தரும் ஸ்டெபிலைசரில் வைத்தார். எரியவில்லை. கோளாறு நடுவில்தான்!

பேட்டரி வயரைக் கழற்றினார். இதை மறக்கவே கூடாது. வயர் உரசினால் தீப்பொறி வரும். பிறகு வயரைத் தடவிப் பார்த்தார். ஓர் இணைப்பில் பச்சைக் களிம்பு. உப்புத்தாளால் தேய்த்து இறுக்கினார். பேட்டரியை மாட்டியதும் டீசல் முள் மெதுவாக ஏறியது. எஞ்சின் சூடானதும் மற்ற முள்ளும் ஏறியது. செலவு உப்புத்தாளும் கூலியும்தான்.

சூட்டு முள் மட்டும் நின்றால் சோதனை வேறு. சாவியைப் போட்டு, எஞ்சினில் உள்ள சென்சாரின் வயரைக் கழற்றி, எஞ்சின் இரும்பில் ஒரு நொடி தொட வேண்டும். முள் ஏறினால் மீட்டர் நல்லது, சென்சார்தான் கெட்டது. நெடுநேரம் தொட்டால் மீட்டரும் கெடும்.