பெட்டியின் முதுகைப் படியுங்கள்

டி.ஜே. செட் வாங்குவோருக்கு ஒரு பாடம்

கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை, பள்ளி ஆண்டு விழா. எதுவானாலும் மைக் செட் இல்லாமல் நடப்பதில்லை. முன்பு மரத்தில் இரண்டு கூம்பு ஒலிபெருக்கி கட்டினால் போதும். இன்று "டி.ஜே. உண்டா?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். மும்பையில் பிள்ளையார் ஊர்வலம், பஞ்சாபில் கல்யாணம், தமிழ்நாட்டில் திருவிழா. நாடு முழுவதும் இதே கேள்விதான்.

அதனால் பல இளைஞர்கள் இந்தத் தொழிலுக்கு வருகிறார்கள். சிலர் கடன் வாங்கி வருகிறார்கள். சிலர் வீட்டு நகையை அடகு வைத்து வருகிறார்கள். தப்பான பெட்டி வாங்கினால் சில நிகழ்ச்சிகளிலேயே அது புகைந்துவிடும். பெட்டியின் பாட்டு நின்றுவிடும். கடனின் வட்டி நிற்காது.

தப்பு எங்கே நடக்கிறது? பெட்டியின் முகத்தைப் பார்த்து வாங்குவதில் நடக்கிறது. முகத்தில் பெரிய எண் இருக்கும். கலர் விளக்கு இருக்கும். உண்மையான செய்தி முதுகில் இருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்தால் உங்கள் பணம் பிழைக்கும்.

சத்தம் போகும் பாதை

டி.ஜே. செட்டில் நான்கு பகுதிகள் உண்டு.

1. பாட்டு வரும் இடம். இது செல்போன், லேப்டாப் அல்லது டி.ஜே. கன்ட்ரோலர்.
2. மிக்சர். இது பாட்டையும் மைக்கையும் கலந்து தரும்.
3. ஆம்ப்ளி. இது சிறிய ஒலியைப் பெரிதாக்கும்.
4. ஸ்பீக்கர் பெட்டிகள். பேச்சும் பாட்டும் வருவது டாப் பெட்டி. நெஞ்சில் 'தொம்' என்று இடிக்கும் அடி ஒலி வருவது சப்-ஊஃபர். இதைப் பேஸ் பெட்டி என்றும் சொல்வார்கள்.

மாட்டுவண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். ஆம்ப்ளி மாடு. ஸ்பீக்கர் வண்டி. மாடும் வண்டியும் பொருந்த வேண்டும். டி.ஜே. செட்டிலும் அப்படித்தான்.

ஒரு பெட்டி, மூன்று எண்

ஒரு தம்பி செட் வாங்கப் புறப்படுகிறான். இருபது வருடமாக மைக் செட் கட்டும் ஓர் அண்ணனிடம் யோசனை கேட்கிறான்.

"அண்ணே, கடையில ஒரு பெட்டி பாத்தேன். 1,200 வாட்டாம். விலையும் குறைச்சல்தான்."

"1,200-னு எங்கே போட்டிருந்துச்சு தம்பி?"

"முன்னாடி ஸ்டிக்கர்ல, பெருசா."

"பின்னாடி தகட்டுல என்ன போட்டிருந்துச்சு?"

"அதைப் பாக்கலையேண்ணே."

"போய்ப் பாரு. பீக் 1,200, புரோகிராம் 600, கன்டினியூவஸ் 300-னு இருக்கும். மூணும் ஒரே பெட்டிதான்."

"அது எப்படிண்ணே?"

"லாரியில மூட்டை ஏத்துற ஆளைப் பாத்திருக்கியா? ஒரே மூச்சுல ரெண்டு மூட்டையைத் தூக்கிக் காட்டுவார். அது பீக். ஆனா காலையிலிருந்து சாயந்தரம் வரைக்கும் எத்தனை மூட்டை சுமப்பார்? அதுதான் கன்டினியூவஸ். உன் பெட்டி ராத்திரி வரைக்கும் பாடணும். அப்ப எந்த எண்ணைப் பாக்கணும்?"

"300-ஐ, அண்ணே."

"அதுதான் சரி."

அண்ணன் சொன்ன கடைசி எண்ணைச் சில பெட்டிகளில் ஆர்.எம்.எஸ். என்று போட்டிருப்பார்கள். இரண்டையும் கடைக்காரர்கள் ஒரே பொருளில்தான் சொல்கிறார்கள். சில மலிவான பெட்டிகளில் பி.எம்.பி.ஓ. என்று போட்டு 5,000, 10,000 என்று எழுதியிருப்பார்கள். அதற்கு ஒழுங்கான அளவுமுறை கிடையாது. அந்த எண்ணை விட்டுவிடுங்கள்.

கடைக்காரரிடம் இப்படிக் கேளுங்கள். "ஆர்.எம்.எஸ். வாட் எவ்வளவு? தகட்டில் விரல் வைத்துக் காட்டுங்கள்." அவர் காட்டும் எண்ணை உங்கள் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

வாட் மட்டும் போதாது

வாட் இரண்டு மடங்கு ஆனால் சத்தமும் இரண்டு மடங்கு ஆகுமா? ஆகாது. கொஞ்சம்தான் கூடும். காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்ற ஏறக்குறைய 10 மடங்கு வாட் வேண்டும்.

அதனால் இன்னோர் எண்ணையும் பாருங்கள். அதன் பெயர் சென்சிட்டிவிட்டி. 1 வாட் கொடுத்தால், 1 மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் சத்தம் வரும் என்பதே அது. டெசிபல் என்பது சத்தத்தை அளக்கும் அளவு.

ஒரு பெட்டி 95 டெசிபல். இன்னொன்று 98 டெசிபல். வித்தியாசம் 3 தானே என்று நினைக்காதீர்கள். 3 டெசிபல் கூட வேண்டுமென்றால் இரண்டு மடங்கு வாட் வேண்டும். ஆகவே, 98 டெசிபல் பெட்டிக்கு 300 வாட் கொடுத்தால் போதும். அதே சத்தத்துக்கு 95 டெசிபல் பெட்டி 600 வாட் கேட்கும்.

லாடக் குறி

பெட்டியின் முதுகில் இன்னொரு குறி இருக்கும். குதிரை லாடத்தைக் கவிழ்த்து வைத்தது போல இருக்கும். அதுதான் ஓம். பெரும்பாலும் '8 ஓம்' என்று இருக்கும்.

ஓம் என்பது மின்சாரத்துக்குப் பெட்டி காட்டும் தடை. ஓம் குறைந்தால் மின்சாரம் அதிகம் ஓடும். தொட்டியில் ஒரு குழாயைத் திறந்தால் தண்ணீர் அளவாக ஓடும். நான்கு குழாயையும் ஒன்றாகத் திறந்தால் தொட்டி தாங்குமா?

ஆம்ப்ளியில் பொதுவாக இரண்டு சேனல் உண்டு. ஒரே சேனலில் 8 ஓம் பெட்டிகளைப் பக்கவாட்டில் சேர்த்தால் கணக்கு இப்படி வரும்.

ஒரு பெட்டி: 8 ஓம்.
இரண்டு பெட்டி: 8 ÷ 2 = 4 ஓம்.
நான்கு பெட்டி: 8 ÷ 4 = 2 ஓம்.

ஆம்ப்ளியின் முதுகில் 'குறைந்தது 4 ஓம்' என்று இருந்தால், அந்தச் சேனலில் இரண்டு பெட்டிக்கு மேல் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் ஆம்ப்ளி சூடாகி நின்றுவிடும். எரிந்தும் போகலாம். "இன்னும் ரெண்டு பெட்டி போடுப்பா" என்று விழாக்காரர் சொல்வார். எரிந்தால் அவர் பணம் தரமாட்டார்.

எந்தப் பெட்டிக்கு எந்த ஆம்ப்ளி?

பல ஸ்பீக்கர் கம்பெனிகள் ஒரு வழி சொல்கின்றன. பெட்டியின் ஆர்.எம்.எஸ். வாட்டைப் போல ஒன்றரை மடங்கு முதல் இரண்டு மடங்கு வரை தரக்கூடிய ஆம்ப்ளியை வாங்கச் சொல்கின்றன.

பெட்டி 300 வாட், 8 ஓம் என்றால், 8 ஓமில் 450 முதல் 600 வாட் தரும் ஆம்ப்ளி பொருந்தும். '8 ஓமில்' என்பதை மறக்காதீர்கள். ஆம்ப்ளியின் முகப்பில் உள்ள பெரிய எண் 4 ஓமுக்கோ 2 ஓமுக்கோ உரியதாக இருக்கலாம்.

பெரிய ஆம்ப்ளி இருக்கிறது என்று எப்போதும் முழுதாகத் திருகக் கூடாது. கூடுதல் வாட் அவசரத்துக்கு இருக்கும் பலம்.

சிறிய ஆம்ப்ளி வைத்தால் பெட்டிக்குப் பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. சிறிய ஆம்ப்ளியை முழுதாகத் திருகினால் ஒலி கிழியும். கிழிந்த ஒலி டாப் பெட்டியில் கீச்சொலி தரும் சிறிய ஸ்பீக்கரைச் சுட்டுவிடும். ஆம்ப்ளியில் 'கிளிப்' என்ற சிவப்பு விளக்கு உண்டு. அது விடாமல் எரிந்தால் உடனே சத்தத்தைக் குறையுங்கள்.

ஆம்ப்ளி உள்ளேயே இருக்கும் பெட்டி

சில பெட்டிகளில் ஆம்ப்ளி உள்ளேயே இருக்கும். இதைப் பவர்டு அல்லது ஆக்டிவ் பெட்டி என்பார்கள். கம்பெனியே பொருத்தம் பார்த்துவிடுகிறது. ஓம் கணக்கு வேண்டாம். புதியவர்களுக்கு இது எளிது. ஆனால் ஒவ்வொரு பெட்டிக்கும் கரண்ட் இணைப்பு வேண்டும். உள்ளே பழுதானால் பெட்டியையே தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

தனி ஆம்ப்ளி என்றால் கணக்கு நாம் பார்க்க வேண்டும். ஆனால் பழுதானதை மட்டும் கழற்றிக் கொடுக்கலாம். உங்கள் ஊரில் எதைப் பழுது பார்க்க ஆள் இருக்கிறார்? அதை விசாரித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

வீட்டில் பழைய மைக் செட் ஆம்ப்ளி இருக்கிறதா? அதில் '100 வோல்ட்' என்று ஓர் இணைப்பு இருக்கும். அது கூம்பு ஒலிபெருக்கிகளுக்கு நீள ஒயர் இழுக்க உதவும். அதில் 8 ஓம் பெட்டியை நேரடியாக மாட்டக் கூடாது. ஆம்ப்ளியோ பெட்டியோ கெட்டுவிடும்.

எத்தனை பெட்டி வேண்டும்?

மண்டபத்துக்குள் 100, 150 பேர் கூடும் நிகழ்ச்சி என்று வைத்துக்கொள்வோம். தொடக்கத்துக்கு 12 அங்குல டாப் இரண்டும், 18 அங்குல சப்-ஊஃபர் ஒன்றும் போதும். திறந்த வெளிக்கு இன்னும் வேண்டும். அங்கே சுவர் இல்லை. தூரம் இரண்டு மடங்கு ஆனால் சத்தம் 6 டெசிபல் குறைந்துவிடும்.

டாப் பெட்டியை ஸ்டாண்டில், ஆட்களின் தலைக்கு மேல் ஏற்றுங்கள். சப்-ஊஃபரைத் தரையில் வையுங்கள். இரண்டு சப்-ஊஃபர் இருந்தால் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். அடி ஒலி நன்றாகக் கூடும்.

ஏறக்குறைய 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலிதான் சப்-ஊஃபரின் வேலை. ஒலியைப் பிரித்து அனுப்புவது கிராஸ்ஓவர். பல சப்-ஊஃபர்களில் அது உள்ளேயே இருக்கும். தனியாக வாங்க வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பெட்டியைத் தூக்கியும் பாருங்கள். இரண்டு பேர் தூக்க முடிகிறதா? குட்டி யானை வண்டியில் எல்லாம் அடங்குமா? உங்களுக்குத் தெரிந்த பாட்டைக் கொண்டுபோய் அரை மணி நேரம் போட்டுக் கேளுங்கள். பில்லும் வாரன்டி அட்டையும் வாங்காமல் கடையை விட்டு இறங்காதீர்கள்.

உயிரும் காதும்

ஒயரின் முனையைச் சீவி, பிளக் துளையில் செருகி, தீக்குச்சியால் இறுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். இது உயிரை எடுக்கும் பழக்கம். மூன்று முள் பிளக் போடுங்கள். எர்த் முள்ளை வெட்டாதீர்கள். மழைத் தூறல் விழுந்தால் முதலில் மெயினை நிறுத்துங்கள்.

போடும்போது மிக்சரை முதலில் போடுங்கள். ஆம்ப்ளியைக் கடைசியில் போடுங்கள். நிறுத்தும்போது ஆம்ப்ளியை முதலில் நிறுத்துங்கள். அப்போது 'டொப்' என்ற சத்தம் ஸ்பீக்கரை அடிக்காது.

85 டெசிபல் சத்தத்தை ஒரு நாளில் 8 மணி நேரம் வரை காது தாங்கும் என்கிறார்கள். 3 டெசிபல் கூடக் கூட நேரம் பாதியாகும். 88-க்கு 4 மணி. 91-க்கு 2 மணி. 100 டெசிபலுக்குக் கால் மணி நேரம்தான். விருந்தாளி ஒரு நாள் கேட்டுவிட்டுப் போவார். நீங்கள் தினமும் கேட்கிறீர்கள். காதில் அடைப்பான் வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகளைப் பெட்டி முன்னால் நிற்க விடாதீர்கள்.

சட்டமும் உண்டு. ஒலி மாசு விதிகள் 2000-ஆம் ஆண்டில் வந்தன. அவை நாடு முழுவதற்கும் பொருந்தும். ஒலிபெருக்கி வைக்க எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் போடக் கூடாது. சில விழா நாட்களுக்கு மட்டும் மாநில அரசு இரவு 12 வரை விலக்குத் தரலாம். அதுவும் ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மேல் கிடையாது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் இவற்றைச் சுற்றி அமைதி மண்டலம் என்று அரசு அறிவித்திருந்தால் அங்கே போடக் கூடாது. அனுமதிக் கடிதத்தை நீங்களே ஒருமுறை படியுங்கள். செட் உங்களுடையது. வழக்கு வந்தால் செட்டும் போகும்.

கணக்குப் போடுங்கள்

1. ஒரு பெட்டி 400 வாட் ஆர்.எம்.எஸ்., 8 ஓம். அதற்கு 8 ஓமில் எத்தனை வாட் முதல் எத்தனை வாட் வரை தரும் ஆம்ப்ளி பொருந்தும்?

2. ஒரே சேனலில் 8 ஓம் பெட்டிகள் இரண்டு பக்கவாட்டில் சேர்ந்தன. மொத்தம் எத்தனை ஓம்?

3. வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட் வரும். வீட்டு மின்சாரம் 230 வோல்ட். 6 ஆம்பியர் பிளக் எத்தனை வாட் தாங்கும்? 16 ஆம்பியர் பிளக் எத்தனை வாட் தாங்கும்?

4. செட்டின் விலை 1,20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நிகழ்ச்சிக்கு வாடகை 6,000 ரூபாய். வண்டி, ஆள் கூலி, சாப்பாடு 3,500 ரூபாய். எத்தனை நிகழ்ச்சி முடிந்தால் முதல் திரும்பும்?

விடைகள்: 1) 600 முதல் 800 வாட். 2) 4 ஓம். 3) 1,380 வாட், 3,680 வாட். 4) 48 நிகழ்ச்சி. கடன் வாங்கியிருந்தால் வட்டிக்கு இன்னும் சில நிகழ்ச்சிகள் சேர்த்துக்கொள்ளுங்கள்.

செய்து பாருங்கள்

உங்கள் ஊரில் மைக் செட் வைத்திருப்பவரிடம் செல்லுங்கள். ஒரு பெட்டியின் முதுகைக் காட்டச் சொல்லுங்கள். ஆர்.எம்.எஸ். வாட், ஓம், டெசிபல் ஆகிய மூன்று எண்களையும் கண்டுபிடித்து நோட்டில் எழுதுங்கள். பிறகு ஆம்ப்ளியின் முதுகைப் படியுங்கள். இரண்டும் பொருந்துகின்றனவா என்று உங்கள் குழுவில் பேசுங்கள்.