பெயரை மறைத்துத் தொடங்கிய பாடம்

முதுகுளத்தூர்ப் பகுதியில் ஒரு தலைவரின் பெயரைக் கரும்பலகையில் எழுதினால், அவர் என்ன செய்தார் என்பதற்கு முன் வேறொரு கேள்வி எழும். அதனால் பத்தாம் வகுப்பில் இந்திய தேசிய இராணுவம் குறித்துக் கற்பித்தபோது பெயரை மறைத்துக்கொண்டேன். "ஒரு ஜெனரல். போரில் தோற்றார். ஆயுள் தண்டனை பெற்றார். பிறகு 4 முறை எம்.பி. ஆனார். யார் இவர்?" என்று மட்டும் எழுதினேன். எதிர்பார்த்தபடியே பின்வரிசையிலிருந்து குரல் வந்தது: "அவுக எந்த ஆளுக சார்?"

"மூன்றாவது பாடவேளையில் சொல்கிறேன்" என்றேன்.

முதல் பாடவேளை: வாழ்க்கைக் கோடு

பெயரில்லாமல் நிகழ்வுகளை மட்டும் கொடுத்தேன். 1914இல் ராவல்பிண்டி மாவட்டத்தில் படைவீரர் குடும்பத்தில் பிறந்தார். டேராடூன் ராணுவக் கல்லூரியில் படித்து, பிரிட்டிஷ் இந்தியப் படையில் அதிகாரியானார். 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தபோது ஜப்பானியரிடம் கைதியானார். இந்திய தேசிய இராணுவத்தில் சேரத் தொடக்கத்தில் அவருக்கு விருப்பமில்லை. 1943இல் நேதாஜி சிங்கப்பூர் வந்து தலைமையேற்ற பிறகு அவருடைய எண்ணம் உறுதியாக மாறியது. 1944இல் சுபாஷ் படைப்பிரிவை பர்மா எல்லையில் நடத்தினார். 1945 மே மாதம் பெகு அருகே பிடிபட்டார்.

மலேயாத் தோட்டங்களில் வேலை செய்த தமிழர் பலர் இப்படையில் சேர்ந்ததைச் சொன்னதும் வகுப்பு நிமிர்ந்தது. கடல் கடந்து பிழைக்கப் போன கதை இல்லாத ஊர் நம் மாவட்டத்தில் குறைவு.

இரண்டாம் பாடவேளை: வகுப்பறை நீதிமன்றம்

1945 நவம்பர் 5இல் டெல்லி செங்கோட்டையில் விசாரணை தொடங்கியது. மூவர் கூண்டில் நின்றனர். ஒருவர் இந்து, ஒருவர் சீக்கியர், ஒருவர் முஸ்லிம். வகுப்பை இரண்டு அணியாகப் பிரித்தேன். ஒரே விதி: ஒவ்வொரு வாதத்துக்கும் ஒரு சான்று வேண்டும்.

அரசுத் தரப்பு அணி, "மன்னருக்கு விசுவாசமாக இருப்பதாகச் சத்தியம் செய்துவிட்டு அவரை எதிர்த்தே போரிட்டார்" என்றது. தப்பியோட முயன்றதாகச் சொல்லப்பட்ட வீரர் ஒருவரைக் கொல்ல உடந்தையாக இருந்தார் என்ற குற்றச்சாட்டையும் எடுத்துவைத்தது. எதிரணி பூலாபாய் தேசாயின் வாதத்தைப் பிடித்துக்கொண்டது: 1943 அக்டோபர் 21இல் அமைந்த தற்காலிக அரசு முறைப்படி போர் அறிவித்தது, அதன் வீரர்களைக் குற்றவாளிகளாக நடத்தக் கூடாது.

ஒரு மாணவி கேட்டாள்: "வாக்கு கொடுத்தது தப்பா, மீறினது தப்பா சார்?" நான் பதில் சொல்லவில்லை. மன்னரா, நாடா என்ற கேள்வி எழுந்தபோது நாட்டைத் தேர்ந்தெடுத்ததாக அவரே நீதிமன்றத்தில் கூறியதை மட்டும் சொன்னேன். தீர்ப்பு ஆயுட்கால நாடுகடத்தல். நாடெங்கும் கொந்தளிப்பு எழுந்தது. 1946 ஜனவரியில் தளபதி ஆக்கின்லெக் அத்தண்டனையை நீக்கினார். பதவிநீக்கம் நீடித்தது.

மூன்றாம் பாடவேளை: பெயரும் அதன் பிறகும்

பெயரை எழுதினேன்: ஷா நவாஸ் கான். பிரிட்டிஷ் ஆவணத்தில் கேப்டன். இந்திய தேசிய இராணுவத்தில் மேஜர் ஜெனரல். ஒருவருக்கு இரண்டு பதவிப் பெயர் ஏன் என்று மாணவர்களே விளக்கினர்.

பிரிவினையில் பிறந்த ஊர் பாகிஸ்தானுக்குப் போனது. அவர் இந்தியாவில் தங்கினார். மீரட் பகுதியிலிருந்து 1952, 1957, 1962, 1971 தேர்தல்களில் வென்றார். ரயில்வே துணை அமைச்சராகவும் இருந்தார்.

இங்கே நிறுத்தியிருந்தால் அது புகழ்மாலையாகியிருக்கும். 1956இல் நேதாஜியின் மறைவை ஆராய்ந்த குழுவுக்கு அவரே தலைவர். 1945 ஆகஸ்ட் 18இல் நடந்த விமான விபத்தில் நேதாஜி இறந்தார் என்று குழு கூறியது. உறுப்பினரான நேதாஜியின் அண்ணன் சுரேஷ் சந்திர போஸ் உடன்படவில்லை. நம் தொகுதியில் 1952, 1957இல் வென்ற உ. முத்துராமலிங்கத் தேவரும் அதை ஏற்கவில்லை. "எங்க தாத்தாவும் நேதாஜி சாகலன்னுதான் சொல்வாக" என்றான் ஒருவன். பின்னர் கோஸ்லா ஆணையம் விபத்தை ஏற்றது. முகர்ஜி ஆணையம் மறுத்தது. அந்த மறுப்பை அரசு ஏற்கவில்லை. நான்கையும் எழுதி, எதற்கு என்ன சான்று என்று தேடச் சொன்னேன்.

மணி அடிக்கும் நேரத்தில் பின்வரிசை மாணவன் எழுந்தான். பழைய கேள்விதான் வருமோ என்று நினைத்தேன். "அந்தச் சுடப்பட்டவர் வீட்டுக்கு யாராச்சும் பதில் சொன்னாங்களா சார்?" என்றான்.

ஆசிரிய நண்பர்களே, தலைவர்களின் வரலாற்றைக் கற்பிக்கும்போது செயலை முதலில் வையுங்கள். பெயர் பிறகு வரட்டும். புகழையும் விமர்சனத்தையும் ஒரே பக்கத்தில் எழுதுங்கள். மூன்று பாடவேளை போதும். நம் ஊர்ப் பிள்ளைகளால் முடியும்.