பேஸ்ட் செய்யும் முன் ஒரு கேள்வி

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் ஏஐ விஷயத்தில் தயங்கி நின்ற காலம் அதிகம் நீடிக்கவில்லை. 2022 நவம்பர் இறுதியில் சாட்ஜிபிடி வந்தது. 2023 ஆகஸ்டிலேயே மிச்சிகன் பல்கலைக்கழகம் தன் வளாகத்துக்கென்று தனியாக ஒரு ஏஐ சேவையைத் திறந்துவிட்டது. 2024 ஜனவரியில் அரிசோனா ஸ்டேட், ஓப்பன்ஏஐயுடன் கைகோத்தது. அதே ஆண்டு மே மாதம் கல்வி நிறுவனங்களுக்கென்றே ‘சாட்ஜிபிடி எடு’ வந்தது. 2025 பிப்ரவரியில் கலிஃபோர்னியா ஸ்டேட் தன் 23 வளாகங்களிலும் படிக்கும் 4,60,000-க்கு மேற்பட்ட மாணவர்களுக்கு அதை வழங்கப்போவதாக அறிவித்தது. யுனிவர்சிட்டியே லாகின் கொடுத்த பிறகு எல்லோருக்கும் ஒரு நிம்மதி: இனி எதைப் போட்டாலும் பயமில்லை. அந்த நிம்மதி பாதிதான் சரி என்பது இந்தக் கருவிகளோடு தினமும் புழங்கியதில் எனக்கு உறுதிப்பட்ட எண்ணம். பல்கலைக்கழகம் போட்டிருக்கும் ஒப்பந்தம், நாம் கொடுப்பது எங்கே போய்ச் சேரும் என்ற கேள்வியைத் தீர்த்துவைக்கிறது. அதைக் கொடுக்கும் உரிமை நமக்கு இருந்ததா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

ஒப்பந்தத்தின் மதிப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. 2023 மார்ச் 20 அன்று ஒரு மென்பொருள் பிழையால், சாட்ஜிபிடியில் சிலருக்கு அடுத்தவருடைய உரையாடல் தலைப்புகள் தெரிந்தன. 2025 மே மாதம், நியூயார்க் டைம்ஸ் தொடுத்த வழக்கில், பயனர்கள் அழித்துவிட்ட உரையாடல்களையும் பாதுகாத்து வைக்கும்படி ஓப்பன்ஏஐக்கு நீதிமன்றம் உத்தரவிட்டது. ‘சாட்ஜிபிடி எடு’ கணக்குகளை அந்த உத்தரவு தொடவில்லை. ஒரே கம்பெனி, ஏறக்குறைய ஒரே திரை, ஆனால் கணக்கு மாறினால் கதையே மாறிவிடுகிறது. அதனால் முதல் பழக்கம் மிகச் சாதாரணமானது: எதையும் தட்டச்சு செய்யும் முன் திரை ஓரத்தில் எந்தக் கணக்கின் பெயர் இருக்கிறது என்று பார்ப்பது. மடிக்கணினியில் பல்கலைக்கழகக் கணக்கும் கைபேசிச் செயலியில் சொந்தக் கணக்கும் திறந்திருப்பதுதான் பெரும்பாலோர் நிலைமை. பேருந்தில் போகும்போது கைபேசியில் அவசரமாகக் கேட்கும் கேள்விக்கு ஒப்பந்தத்தின் பாதுகாப்பு கிடையாது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஒரு பல்கலைக்கழகத்தில் நம் கையில் வந்து போகும் தாள்களில் பாதி நம்முடையவை அல்ல. மாணவர் எழுதிய கட்டுரை, மதிப்புரைக்கு வந்த இன்னொருவரின் ஆய்வுக் கட்டுரை, நிதிக்கு விண்ணப்பித்தவரின் திட்ட வரைவு, களப்பணியில் ஒருவர் நம்மை நம்பிச் சொன்ன வாக்குமூலம். இவை ஒவ்வொன்றும் ஏதோ ஒரு வாக்குறுதியின் பேரில் நம்மிடம் வந்தவை. மாணவர் பதிவேடுகளுக்கு அமெரிக்காவில் 1974-இலிருந்து ஃபெர்பா என்ற சட்டம் இருக்கிறது. மதிப்புரை விஷயத்தில் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்கள் அமைப்பு 2023 ஜூனில் வெளியிட்ட அறிவிப்பு தெளிவானது: நிதி விண்ணப்பங்களை மதிப்பிடுபவர்கள் அந்த வேலைக்கு ஜெனரேட்டிவ் ஏஐயைப் பயன்படுத்தக் கூடாது. இலவசக் கருவி கூடாது, காசு கொடுத்து வாங்கியது பரவாயில்லை என்று அது பிரிக்கவில்லை. விண்ணப்பத்தின் ரகசியத்தைக் காப்பதாக மதிப்பீட்டாளர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அவருடைய பல்கலைக்கழகம் எந்தக் கம்பெனியோடு என்ன ஒப்பந்தம் போட்டது என்பது விண்ணப்பித்தவருக்குச் சம்பந்தமில்லாத செய்தி. களப்பணிப் பேட்டிகளுக்கும் இதே நியாயம்தான். தமிழில் எடுத்த பேட்டியை ஆங்கிலமாக்க ஏஐயிடம் கொடுக்கும் ஆசை எந்த ஆய்வாளருக்கும் வரும். பேசியவர் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவத்தில் “ஆய்வுக் குழுவினர் மட்டுமே கேட்பார்கள்” என்று இருந்தால், அந்தக் குழுவில் ஏஐ இல்லை.

“பெயரை நீக்கிவிட்டுத்தானே கொடுக்கிறோம்” என்பது உடனே வரும் மறுப்பு. பெயர் ஒருவரை அடையாளம் காட்டும் பல வழிகளில் ஒன்று, அவ்வளவுதான். அஞ்சல் குறியீடு, பிறந்த தேதி, பாலினம் ஆகிய மூன்று மட்டும் தெரிந்தாலே அமெரிக்க மக்களில் சுமார் 87 சதவீதம் பேரைத் தனித்து அடையாளம் காண முடியும் என்று ஆய்வாளர் லதான்யா ஸ்வீனி 2000-ஆம் ஆண்டு கணக்கிட்டுக் காட்டினார். அதற்கு முன்பே, பெயர் நீக்கி வெளியான மருத்துவத் தரவை வாக்காளர் பட்டியலோடு ஒப்பிட்டு, மாசசூசெட்ஸ் ஆளுநராக இருந்தவரின் பதிவைக் கண்டெடுத்தவரும் அவர்தான். பேட்டியில் இது இன்னும் சுலபம். “எங்கள் பஞ்சாயத்தில் நான்தான் முதல் பெண் தலைவர், கணவர் கூட்டுறவுச் சங்கத்தில் செயலாளர்” என்ற ஒரு வரி போதும். ஊர்ப் பெயரை அழித்து என்ன பயன்?

பெயர் நீக்குவதைவிட நல்ல வழி, அசலையே கொடுக்காமல் இருப்பது. பெரும்பாலான வேலைகளுக்கு அசல் தேவையே இல்லை. மதிப்பெண் பட்டியலில் அகமதிப்பீட்டையும் தேர்வையும் குறிப்பிட்ட விகிதத்தில் கூட்ட ஒரு எக்செல் சூத்திரம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முழு ஃபைலையும் ஏற்றுவது சோம்பேறித்தனம். தலைப்பு வரிசையை மட்டும் எழுதி, கற்பனை எண்கள் போட்ட மூன்று வரிகளைச் சேர்த்துக் கொடுத்தால் அதே சூத்திரம் கிடைக்கும். அதை நம் கணினியில் இருக்கும் அசல் பட்டியலில் போட்டுக்கொள்ளலாம். மாணவருக்கு எழுதும் கடினமான மின்னஞ்சலுக்கும் இது பொருந்தும். சூழலைப் பொதுப்படையாகச் சொல்லி வரைவு வாங்கி, பெயரையும் காரணத்தையும் நாமே நிரப்பலாம். இதற்குப் பிறகும் ஃபைல் ஏற்றித்தான் ஆக வேண்டும் என்றால், அதை ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். எக்செலில் மறைத்து வைத்த நெடுவரிசை நம் கண்ணுக்குத்தான் மறைவு. வேர்டு ஃபைலின் ஓரத்தில் சக ஆசிரியர் காரமாக எழுதிய குறிப்புகளும், திருத்திய தடங்களும் கூடவே போகும்.

அடுத்தவர் ஃபைலில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. 2025 ஜூலையில் நிக்கேய் நாளிதழ் ஒரு செய்தி வெளியிட்டது. 8 நாடுகளைச் சேர்ந்த 14 கல்வி நிறுவனங்களிலிருந்து வந்த 17 ஆய்வுக் கட்டுரைகளில், வெள்ளை எழுத்திலும் கண்ணுக்குத் தெரியாத சிறிய எழுத்திலும், நல்லபடியாக மட்டும் மதிப்புரை எழுதும்படி ஏஐக்குக் கட்டளைகள் ஒளித்து வைக்கப்பட்டிருந்தன. மதிப்புரையாளர் விதியை மீறி ஏஐயிடம் கொடுப்பார் என்று எதிர்பார்த்து எழுதியவர் வைத்த பொறி அது; இதில் யார் யாரைக் குறை சொல்வது என்பது வேடிக்கையான கேள்விதான். அதே ஆண்டு ஜூனில் வெளியான ‘எக்கோலீக்’ குறைபாடு இதைவிடக் கவலை தருவது. ஒரு மின்னஞ்சலுக்குள் ஒளித்த கட்டளையால், பயனர் எதையும் கிளிக் செய்யாமலே, மைக்ரோசாஃப்ட் 365 கோபைலட்டிலிருந்து தகவல் கசிய வழி இருந்தது. மைக்ரோசாஃப்ட் அதைச் சரிசெய்துவிட்டது. ஆனாலும் பாடம் ஒன்று மிஞ்சுகிறது: நம் மின்னஞ்சலையும் ஃபைல்களையும் தொடும் அனுமதியை ஏஐக்குக் கொடுத்த பிறகு, வெளியாள் அனுப்பும் தாளும் அதற்கு உத்தரவு போடப் பார்க்கும்.

மாணவர்கள் கேட்கும் வேறொரு கேள்வி நியாயமானது. கம்பெனி பார்க்காது சரி, பல்கலைக்கழகம் பார்க்குமா? பார்க்க முடியும். நிறுவனக் கணக்குகளில் உரையாடல்கள் பதிவாகின்றன; வழக்கோ விசாரணையோ வந்தால் நிர்வாகத்தால் அவற்றை எடுக்க முடியும். தினமும் யாரோ உட்கார்ந்து படிக்கிறார்கள் என்று பொருளல்ல. ஆனாலும் வழிகாட்டிப் பேராசிரியர் மீது புகார் எழுதவும், மனநலத்தைப் பற்றிப் பேசவும், விசா சிக்கலை அலசவும் அந்தக் கணக்கு ஏற்ற இடமில்லை. அதற்காகச் சொந்தக் கணக்குக்கு ஓடினால் மேலே சொன்ன ஆபத்துகள் திரும்பி வரும். இதற்கெல்லாம் நம்பிப் பேசக்கூடிய ஒரு மனிதர்தான் சரி.

கடைசி ஆட்சேபம் எல்லோரும் சொல்வது: இத்தனை பார்த்துப் பார்த்துச் செய்தால் மிச்சமாகும் நேரம் எங்கே? போடும் முன் ‘இது யாருடையது?’ என்று கேட்க நேரம் அதிகம் ஆகாது. நம் சொந்த விரிவுரைக் குறிப்பு, பொதுவில் கிடைக்கும் பாடத்திட்டம், நாமே எழுதிய நிரல் என்றால் யோசிக்காமல் போடலாம். தினசரி வேலையில் பெரும்பகுதி இந்த வகைதான். சந்தேகம் வந்தால் பல்கலைக்கழகத்தின் தரவு வகைப்பாட்டைப் பார்க்கலாம். ஹார்வர்டு தன் தகவல்களை 1 முதல் 5 வரை நிலைகளாகப் பிரித்து வைத்திருக்கிறது; 2-ஆம் நிலையிலிருந்து மேலே உள்ள எதையும் பொதுக் கருவிகளில் போடக் கூடாது என்று 2023-இலேயே சொல்லிவிட்டது. புதிதாக ஆய்வு தொடங்குகிறவர்களுக்கு வேலை இன்னும் எளிது. பேட்டிகளை எழுத்தாக்கவோ மொழிபெயர்க்கவோ பல்கலைக்கழகத்தின் ஏஐ கருவியைப் பயன்படுத்துவோம் என்ற ஒரு வரியை ஒப்புதல் படிவத்திலேயே சேர்த்து, நெறிமுறைக் குழுவிடம் காட்டி அனுமதி வாங்கிவிடலாம். அந்த வரி இல்லாமல் முன்பே எடுத்த பேட்டிகளை, பேசியவரிடம் திரும்பப் போய்க் கேட்காதவரை, பழைய முறையில் கையால்தான் மொழிபெயர்க்க வேண்டும்.